ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டி: நீர்த்தொட்டி முதல் மோட்டார்ஹோம் வரை

ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டி என்பது நீர்ம அழுத்தத்தால் இயங்கும் ஒரு பொறியமைப்பில் பம்புக்கு வேண்டிய எண்ணெயைச் சேமித்து வைத்து, வேலை முடிந்து திரும்பி வரும் எண்ணெயை மீண்டும் ஏற்றுக்கொள்ளும் கலன் ஆகும். கார், லாரி, விமானம், மண் அள்ளும் இயந்திரம், வீட்டு வசதிகளுடன் சாலையில் ஓடும் மோட்டார்ஹோம் ஆகிய பலவற்றிலும் இது உண்டு. பம்பும் பிஸ்டனும் மனிதன் கைபடாமல் ஆண்டுக்கணக்கில் இயங்கக்கூடியவை. தொட்டியை மட்டும் யாராவது அவ்வப்போது திறந்து பார்த்து, குறைந்ததை ஊற்றி நிரப்ப வேண்டும். அப்படி இருந்தும், கடந்த நூறு ஆண்டுகளில் கை எட்டாத இடத்திற்குத் தள்ளப்பட்ட உறுப்புகளில் இதுவும் ஒன்று. மோட்டார்ஹோமில் இந்த முரண்பாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது.

பள்ளிப் பாடநூல்களில் பாஸ்கல் விதியை விளக்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பர். குறுகிய குழாயில் ஒரு சிறிய பிஸ்டன், அகன்ற குழாயில் ஒரு பெரிய பிஸ்டன், இரண்டையும் இணைக்கும் நீர்மம். சிறிய பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரியதன் பரப்பு 100 சதுர செ.மீ. என்றால் விசை நூறு மடங்காகும். கணக்கு சரிதான். ஆனால் பெரிய பிஸ்டன் 1 செ.மீ. உயர, சிறிய பிஸ்டன் 100 செ.மீ. இறங்க வேண்டும் என்பதை மாணவர்கள் எளிதில் மறந்துவிடுவர். அவ்வளவு நீளமான குழாயை எந்த இயந்திரத்திலும் வைக்க முடியாது. அதனால் சிறிய பிஸ்டன் பலமுறை மேலும் கீழுமாக அசைந்து, ஒவ்வொரு முறையும் புதிய நீர்மத்தை எங்கிருந்தோ உறிஞ்சித் தள்ள வேண்டும். அந்த 'எங்கிருந்தோ' என்பதுதான் தொட்டி. பாடநூல் படத்தில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

நீர் ஓடிய காலம்

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் நீர்மங்களின் சமநிலை பற்றி எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1663-இல் வெளிவந்தது. அக்கருத்து பயன்படும் இயந்திரமாக மாற நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் நீர்ம அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் கூடும்போது பிஸ்டனைச் சுற்றி நீர் கசியும் என்பதே அவருக்கு இருந்த பெரிய தடை. அவரிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே, கிண்ண வடிவில் வளைத்த தோல் வளையம் ஒன்றைப் பொருத்தி அதைத் தீர்த்ததாகக் கூறப்படுகிறது. நீரின் அழுத்தமே தோலின் விளிம்பை உலோகத்தோடு சேர்த்து அழுத்தும். எனவே அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். இன்றைய ரப்பர் சீல்கள் பலவும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

பிராமாவின் அழுத்தியில் ஓடியது சாதாரண நீர். பம்பின் அருகிலேயே ஒரு நீர்த்தொட்டி இருந்தால் போதும், குறைந்தால் ஒரு வாளி நீர் ஊற்றலாம். அடுத்த தலைமுறையில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நியூகாசில் படகுத்துறையில் 1846-இல் நீர்ம விசைப் பாரந்தூக்கியை நிறுவியபோது, நகரக் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தையே பயன்படுத்திக்கொண்டார். குழாய் அழுத்தம் போதாத இடங்களுக்காக அவர் பின்னர் உருவாக்கியது 'சேமிப்புக் கோபுரம்'. நிமிர்ந்த பெரிய உருளை ஒன்றில் நீரை ஏற்றி, அதன் பிஸ்டன் மேல் பல டன் கல்லும் இரும்பும் ஏற்றிவைத்தால், அந்தப் பாரம் நீரை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருக்கும். இதன் சிறு வடிவம் நூறு ஆண்டுகளுக்குப் பின் மோட்டார்ஹோமின் பிரேக்கிலும் வந்து சேர்ந்தது.

இலண்டனில் இந்த முறை நகரம் முழுவதற்கும் பரவியது. மின்சாரம் விற்பதைப் போல அழுத்தநீரை விற்ற இலண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனியின் குழாய்கள், அது உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய 290 கி.மீ. நீளம் ஓடின. மின்தூக்கி வருவதற்கு முந்தைய லிஃப்டுகள், துறைமுகப் பாரந்தூக்கிகள், நாடக அரங்கின் திரைகள் எனப் பலவும் அந்நீரால் இயங்கின. 1977 வரை அந்நிறுவனம் நீடித்தது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். இத்தகைய அமைப்பில் தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் ஒருமுறை வேலை செய்துவிட்டு வடிகாலுக்குப் போய்விடும். வாடிக்கையாளர் எதையும் நிரப்பிவைக்க வேண்டியதில்லை. ஆறுதான் தொட்டி.

எண்ணெயுடன் வந்த தொட்டி

நீருக்குக் குறைகளும் இருந்தன. பனிக்காலத்தில் உறைந்து குழாயைப் பிளக்கும், இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், நகரும் உறுப்புகளுக்கு உயவு தராது. 1906-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வர்ஜீனியாவின் பீரங்கிகளை உயர்த்தி இயக்கும் அமைப்பில் நீருக்குப் பதிலாக எண்ணெய் பயன்பட்டது. நவீன ஹைட்ராலிக் பொறியியலின் தொடக்கமாகப் பலரும் இதையே குறிப்பிடுகின்றனர். எண்ணெய் உறையாது, துருவை உண்டாக்காது, பம்புக்கு உயவும் அளிக்கும்.

ஆனால் எண்ணெயை நீரைப் போல வடிகாலில் விட முடியாது. விலை கொடுத்து வாங்கிய எண்ணெய் வேலை முடிந்ததும் திரும்பி வந்தாக வேண்டும். இப்படித்தான் மூடிய சுற்றும், அதன் நடுவே தொட்டியும் கட்டாயமாயின. ஒரே எண்ணெய் ஆயிரக்கணக்கான முறை சுற்றி வருவதால் தொட்டிக்குப் புதிய பொறுப்புகளும் சேர்ந்தன. சூடாகத் திரும்பும் எண்ணெய் அங்கே சற்று ஆற வேண்டும். அதில் கலந்த காற்றுக்குமிழ்கள் மேலெழுந்து பிரிய வேண்டும், உலோகத்தூள் அடியில் படிய வேண்டும். எண்ணெய் மட்டம் ஏறி இறங்கும்போது காற்று வந்துபோக, மூடியில் மூச்சுத்துளை ஒன்றும் இருக்க வேண்டும். மட்டம் மிகவும் குறைந்துவிட்டால் இவை அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். முதலில் பம்பு காற்றை உறிஞ்சும். நீர்மத்தைப் போலன்றிக் காற்று அமுங்கக்கூடியது. ஆகவே தள்ளும் விசையின் ஒரு பகுதி குமிழ்களை அமுக்குவதிலேயே வீணாகும். ஓட்டுநர் இதை 'பிரேக் பஞ்சு போல இறங்குகிறது' என்றோ 'ஸ்டீயரிங் முனகுகிறது' என்றோ சொல்வார்.

பாதத்தின் அடியில் பிரேக் எண்ணெய்

நீர்ம அழுத்தத்தால் கார்ச் சக்கரங்களை நிறுத்தும் முறையைப் பரவச் செய்தவர் மால்கம் லாகீட். பின்னாளில் லாக்ஹீட் என்ற பெயரில் விமானத் துறையில் புகழ்பெற்ற உடன்பிறப்புகளில் ஒருவர் இவர். 1921-இல் டியூசன்பெர்க் நிறுவனத்தின் மாடல் ஏ காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. 1924-இல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக் காருக்குக் கொண்டுவந்தது. தோல் வளையங்களில் கசிவு ஓயாததால் கிரைஸ்லரின் பொறியாளர்கள் அவற்றை ரப்பருக்கு மாற்றினர். ஃபோர்டு நிறுவனமோ 1939 மாடல் வரை கம்பியும் தண்டும் கொண்ட பழைய பிரேக்கையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெயை நம்பத் தயங்கியோர் பெரிய நிறுவனங்களிலும் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

ரப்பர் வந்ததும் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் புதிய சிக்கல் தோன்றியது. கல்லெண்ணெயிலிருந்து கிடைக்கும் கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்யும். தாவர எண்ணெயான ஆமணக்கெண்ணெய் அவ்வாறு செய்யாது. ஆகவே ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவங்கள் தொடக்ககால பிரேக்குகளில் பரவலாக ஓடின. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று பெயர்பெற்ற அதே எண்ணெய்தான். பிற்காலத்தில் கிளைக்கால் வகைத் திரவங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று டாட் 3, டாட் 4 என்று புட்டியில் அச்சிட்டு விற்கப்படுபவை அவையே. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205° செ. இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140° செ. மட்டுமே. மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியானால், மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. மூடியைச் சரியாக இறுக்காமல் விடுவதும், பாதி தீர்ந்த பழைய புட்டியிலிருந்து ஊற்றுவதும் அதனால்தான் ஆபத்தானவை.

தொட்டி எங்கே இருந்தது? முதல் தலைமுறைக் கார்களில் மிதிகள் தரையிலிருந்து மேல்நோக்கி நின்றன. ஆகவே மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகைக்கு அடியில் அமைந்தது. இலங்கைச் சாலைகளில் பல ஆண்டுகள் டாக்சியாகவும் ஓடிய மோரிஸ் மைனர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் விரிப்பை நீக்கி, திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்த பிறகுதான் மூடி தெரியும். சாலைச்சேறும் செருப்பில் ஒட்டிவந்த மண்ணும் அந்த மூடியைச் சுற்றியே அப்பியிருக்கும். துடைக்காமல் திறந்தால் எண்ணெயோடு மண்ணும் உள்ளே போகும். மண் துகள் ரப்பர் விளிம்பைக் கீறினால், நிரப்பிய கையே கசிவையும் உண்டாக்கியதாகிவிடும். பார்ப்பதற்கே இவ்வளவு தொல்லை என்றால் எத்தனை பேர் மாதந்தோறும் பார்த்திருப்பர்?

1950-களில் மேலிருந்து தொங்கும் மிதிகள் பரவியபோது மாஸ்டர் சிலிண்டர் என்ஜின் அறைச் சுவருக்கு ஏறியது. பானெட்டைத் திறந்தால் கண்ணெதிரே இருந்தது. பின்னர் உலோகக் குப்பிக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குப்பி வந்ததால் மூடியைத் திறக்காமலே மட்டத்தைப் பார்க்க முடிந்தது. 1968 சனவரி முதல் அமெரிக்காவில் புதிய கார்களின் பிரேக் இரு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட வேண்டும் என்பது சட்டமானது. ஒன்றில் எண்ணெய் முழுதும் வடிந்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும். திறக்கும் முன் துடைக்க வேண்டும், இன்ன வகைத் திரவத்தை முத்திரை உடைக்காத புட்டியிலிருந்தே ஊற்ற வேண்டும் என்ற எச்சரிக்கையை மூடியருகே அழியாத எழுத்தில் பொறிக்கவும் அந்நாட்டு விதி கட்டாயப்படுத்தியது. ஊற்றுபவரின் கையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி என்று இதனைச் சொல்லலாம். காரின் வரலாற்றில் தொட்டி மனிதனுக்கு மிக அருகில் வந்த காலம் இதுவே.

ஒரு தொட்டி, பல வேலைகள்

ஹைட்ராலிக் விசையால் ஸ்டீயரிங்கை எளிதாக்கும் அமைப்பை அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920-களின் நடுவிலேயே செய்துகாட்டினார். இரண்டாம் உலகப்போரில் கனரக ராணுவ வண்டிகளில் பயன்பட்ட பின்னரே அது பொதுமக்களின் காருக்கு வந்தது. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் அவ்வசதியுடன் விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார். இதிலிருந்து என்ஜின் அறையில் இரண்டாவது எண்ணெய் ஒன்றும் இடம்பிடித்தது. ஸ்டீயரிங் எண்ணெய் பெரும்பாலும் கனிம எண்ணெய் வகை. பிரேக் திரவமோ கிளைக்கால் வகை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் சீல்கள் கெடும். பிரேக் குப்பியில் ஒருமுறை தவறி ஊற்றிய கனிம எண்ணெய், ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுவிடும்.

1955-இல் பாரிசில் அறிமுகமான சிட்ரோயன் டிஎஸ் கார் இன்னும் துணிச்சலான வழியில் சென்றது. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங், கியர் மாற்றம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே அழுத்த அமைப்பு கவனித்துக்கொண்டது. தொடக்கத்தில் சிவப்பு நிறத் திரவம் ஓடியது. ஈரத்தை உறிஞ்சித் துருப்பிடிக்கவைத்த அதைக் கைவிட்டு, 1966 முதல் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு நிறுவனம் மாறியது. இரண்டும் கலக்கக்கூடாது என்பதற்காகப் புதிய அமைப்பின் உறுப்புகளுக்கும் பச்சை வண்ணம் பூசினர். இக்காரில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க, என்ஜினை ஓடவிட்டு வண்டியை உச்ச உயரத்திற்கு எழுப்ப வேண்டும். அப்போதுதான் சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய எண்ணெயெல்லாம் போய்ச் சேர்ந்து, தொட்டியில் எஞ்சியது எவ்வளவு என்பது தெரியும். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார்ஹோமில் விதி தலைகீழாக இருக்கிறது.

மோட்டார்ஹோம்

படுக்கை, சமையலிடம், கழிவறை ஆகியவற்றுடன் தானே ஓடும் வண்டியே மோட்டார்ஹோம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள ஃபாரஸ்ட் சிட்டியில் 1966-இல் வின்னபேகோ நிறுவனம் தன் மோட்டார்ஹோம்களைத் தயாரிக்கத் தொடங்கிய பின், இது நடுத்தரக் குடும்பங்களும் எண்ணிப்பார்க்கக்கூடிய பொருளாயிற்று. 1973 முதல் 1978 வரை ஜிஎம்சி தாழ்வான தரையும் முன்சக்கர இயக்கமும் கொண்ட மோட்டார்ஹோமைத் தயாரித்தது. பெரும்பாலான பிற நிறுவனங்கள் லாரிக்கான அடிச்சட்டத்தை வாங்கி அதன்மேல் வீட்டைக் கட்டின. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அடிச்சட்டத்தை வடிவமைத்தவர் லாரியின் பானெட்டை மனத்தில் வைத்துத் தொட்டியை அமைத்தார். வீட்டைக் கட்டியவர் அந்த பானெட்டை எடுத்துவிட்டுத் தட்டையான முகப்பை வைத்தார். தொட்டி நின்ற இடத்திலேயே நின்றது, அதற்குப் போகும் வழி மறைந்தது.

முன்பக்கம் பெட்ரோல் என்ஜின் உள்ள வண்டிகளில் என்ஜின், இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே ஒரு பெட்டி போன்ற மூடிக்குள் இருக்கும். அமெரிக்கர் இதை 'நாய்வீடு' என்று கேலியாக அழைப்பர். விரிப்பையும் மூடியையும் நீக்கினால் என்ஜினின் மேற்பகுதி தெரியும். ஸ்டீயரிங் எண்ணெய்க் குப்பியோ அதற்கும் முன்னால், பட்டைகளுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் ஒளிந்திருப்பதுண்டு. டீசல் என்ஜின் பின்புறத்தில் உள்ள பெரிய வண்டிகளில் என்ஜின் படுக்கையறைக்கு அடியில் இருக்கும். மெத்தையைத் தூக்கிப் பலகையைத் திறந்தோ பின்கதவு வழியாகவோதான் நெருங்க முடியும். ரேடியேட்டரைப் பக்கவாட்டில் வைத்த வண்டிகளில் என்ஜின் பட்டையால் விசிறியைச் சுழற்றுவது கடினம். ஆகவே விசிறிக்கும் ஹைட்ராலிக் மோட்டார் வந்தது. ஸ்டீயரிங்கும் விசிறியும் ஒரே தொட்டியைப் பகிர்ந்துகொள்ளும் வண்டிகள் உண்டு. அவற்றில் எண்ணெய் குறைந்தால் ஸ்டீயரிங் கனப்பதோடு என்ஜினும் கொதிக்கத் தொடங்கும்.

தொட்டியை ஓட்டுநர் பக்கத்தில், கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் என்ன என்ற கேள்வி இயல்பானது. வைக்க முடியாததற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. பம்பு எண்ணெயை 'இழுப்பதாக' நாம் சொன்னாலும், உண்மையில் தொட்டியின் மேற்பரப்பில் அழுத்தும் வளிமண்டலமே எண்ணெயைப் பம்புக்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் நீரைக்கூட ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது. கெட்டியான எண்ணெய், நீண்ட குழாய், குளிர்ந்த காலைநேரம் எல்லாம் சேர்ந்தால் பம்பு பட்டினி கிடக்கும். உள்ளே வெற்றிடக் குமிழ்கள் உருவாகி வெடித்து உலோகத்தைத் தின்னும். எனவே தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், தொட்டி பம்பைவிட உயரமாக இருப்பது நல்லது. பம்பு என்ஜினோடு பிணைந்தது, என்ஜின் வண்டியின் கடைக்கோடியில் இருக்கிறது. தொட்டியும் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

பிரேக்கும் இதில் வந்து சேர்ந்தது. 1973-இல் பெண்டிக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஹைட்ரோ-பூஸ்ட் என்னும் அமைப்பு, ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தையே பிரேக் மிதிக்குத் துணைவிசையாகத் தருகிறது. பல டன் எடையுள்ள மோட்டார்ஹோம்களின் அடிச்சட்டங்களில் இது இடம்பெற்றது. பிரேக் திரவம் அதன் குப்பியில் தனியே இருக்கிறது, அது நிறைந்தும் இருக்கலாம். ஆனால் எட்டாத மூலையில் உள்ள ஸ்டீயரிங் தொட்டி வற்றினால், ஸ்டீயரிங்கின் துணைவிசையும் பிரேக்கின் துணைவிசையும் ஒரே நேரத்தில் போய்விடும். அப்போது சில முறை பிரேக் பிடிக்க உதவுவதற்காக ஒரு சிறிய அழுத்தச் சேமிப்பான் வைக்கப்பட்டுள்ளது. ஆம்ஸ்ட்ராங்கின் கோபுரம் கல்லின் எடையால் செய்த வேலையை இங்கே உள்ளங்கை அளவுள்ள ஒரு குப்பி வாயுவின் அல்லது சுருள்வில்லின் அழுத்தத்தால் செய்கிறது. அது தீர்ந்த பின் மிதியை முழு உடல்வலுவோடு மிதித்தாலும் கனத்த வண்டி எளிதில் நிற்காது. பிரேக் குப்பியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடையும் உரிமையாளருக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றோடு, நிறுத்திய இடத்தில் வண்டியைச் சமமாக நிறுத்தும் நான்கு ஜாக்கிகளும், பக்கச்சுவரோடு வெளியே நீளும் அறைகளும் பல வண்டிகளில் ஹைட்ராலிக் விசையாலேயே இயங்குகின்றன. இவற்றுக்கு பேட்டரியால் ஓடும் தனிப் பம்பும் தனித் தொட்டியும் உண்டு. பொருள் வைக்கும் அடியறையின் கூரையை ஒட்டியோ அடிச்சட்டத்தின் உட்புறத்திலோ அது பொருத்தப்படும். மேலே இரண்டு விரல் நுழையும் இடைவெளிகூட இல்லாமல் போவதுண்டு.

நிரப்பும் முறை

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தரும் விதி, ஜாக்கிகள் எல்லாவற்றையும் முழுமையாக உள்ளிழுத்து, நீட்டிய அறைகளையும் உள்ளே கொண்டுவந்த பிறகே மட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது. காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு ஜாக்கி சிலிண்டரின் உள்விட்டம் 5 செ.மீ., நீட்சி 40 செ.மீ. எனக் கொள்வோம். அதற்குள் போகும் எண்ணெய் ஏறக்குறைய 785 கன செ.மீ., நான்கு ஜாக்கிகளுக்கும் சேர்த்து 3 லிட்டருக்கும் மேல். ஜாக்கிகள் நீண்டு நிற்கும்போது தொட்டியைப் பார்த்தால் 'எண்ணெய் குறைந்துவிட்டது' என்று தோன்றும். நிறைகோடு வரை ஊற்றிவிட்டு ஜாக்கியை இழுத்தால், அந்த 3 லிட்டரும் திரும்பி வந்து மூச்சுத்துளை வழியே பொங்கி வழியும். சிட்ரோயனில் எழுப்பிப் பார்க்க வேண்டும், இங்கே இறக்கிப் பார்க்க வேண்டும். தொட்டியின் கோடு, தயாரிப்பாளர் எந்த நிலையில் பார்க்கச் சொல்கிறாரோ அந்த நிலையில் மட்டுமே உண்மை பேசும். கார் பிரேக்கிலும் இதன் சாயல் உண்டு. பிரேக் பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகர்ந்து, கசிவே இல்லாமல் குப்பியில் மட்டம் சற்று இறங்கும். அதை ஊற்றி நிரப்பியவர், புதிய பேடு போடும் நாளில் குப்பி நிரம்பி வழிவதைக் காண்பார்.

எட்டாத தொட்டியை நிரப்ப மெக்கானிக்குகள் பயன்படுத்தும் கருவிகள் எளியவை. வளையும் நீண்ட கழுத்துள்ள புனல், நுனியில் மெல்லிய குழாய் செருகிய பெரிய சிரிஞ்சு, எண்ணெய்ப் புட்டியின் வாயில் பொருத்தும் கைப்பம்பு ஆகியவை அவற்றில் சில. புனலைவிடக் கைப்பம்பு மேலானது. எண்ணெய் சிறிது சிறிதாகப் போகும், சிந்தாது, மட்டம் பார்த்து நிறுத்தலாம். சூடான புகைபோக்கியின் மேல் எண்ணெய் சிந்தினால் தீப்பிடிக்கும் என்பதால், சிந்தாமல் ஊற்றுவது உயிர்காக்கும் ஒழுக்கம். ஊற்றும் முன் மூடியையும் சுற்றுப்புறத்தையும் துடைப்பது, கையேட்டில் எழுதிய வகை எண்ணெயையே ஊற்றுவது ஆகியவை மோரிஸ் மைனர் காலத்திலிருந்து மாறவில்லை. பல ஜாக்கி அமைப்புகள் தானியங்கி கியருக்கான சிவப்பு எண்ணெயை ஏற்கும். ஆனால் எல்லாம் ஏற்கும் என்று கருதக்கூடாது. ஸ்டீயரிங் தொட்டியை நிரப்பிய பிறகு, சக்கரத்தை இருபுற எல்லை வரை மெதுவாகப் பலமுறை திருப்பிச் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெயில் நுரை தெரிந்தால் காற்று இன்னும் இருக்கிறது என்று பொருள்.

இரண்டு ஆபத்துகள் அடிக்கடி அலட்சியப்படுத்தப்படுகின்றன. வண்டியைத் தூக்கி நிறுத்திய ஹைட்ராலிக் ஜாக்கிகளை மட்டும் நம்பி அடியில் நுழையக்கூடாது. ஒரு சீல் விட்டுக்கொடுத்தாலோ ஒரு குழாய் வெடித்தாலோ பல டன் வீடு நொடியில் இறங்கும். தனியே இரும்புத் தாங்கிகள் வைத்த பிறகே அடியில் போக வேண்டும். அடுத்தது, கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீறிடும் உயரழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அக்காயத்துக்கு உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும். கசிவைத் தேட ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை.

அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் அது நிரப்பும் வேலையன்று, கசிவைத் தேடும் வேலை. ஸ்டீயரிங் தொட்டியிலும் ஜாக்கித் தொட்டியிலும் எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. குறைந்த எண்ணெய் எங்கோ போயிருக்கிறது. எட்டாத தொட்டியின் உண்மையான தீமை, ஊற்றுவது கடினம் என்பதைவிட, மெல்ல மெல்லக் குறைவதை யாரும் பார்ப்பதில்லை என்பதே.

இதே சிக்கலை விமானத்துறை வேறு விதமாகத் தீர்த்தது. போயிங் 737 விமானத்தின் ஹைட்ராலிக் தொட்டிகளைத் தேடி யாரும் ஏறி இறங்குவதில்லை. வலப்புறப் பிரதான சக்கரம் மடங்கும் அறையில் நிரப்புமிடம் ஒன்று இருக்கிறது. தரையில் நிற்கும் பணியாளர் குழாயை எண்ணெய் டப்பாவில் விட்டு, அங்குள்ள கைப்பம்பை அசைத்தே தொட்டிகளை நிரப்பலாம். தொட்டி இருக்க வேண்டிய இடமும் அதை நிரப்பும் வாயும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பதே அந்த வடிவமைப்பின் சாரம். உறிஞ்சும் குழாய் குட்டையாக இருக்க வேண்டும் என்ற விதி நிரப்பும் குழாயைக் கட்டுப்படுத்தாது.

மோட்டார்ஹோம் உரிமையாளர்கள் சிலரும் இவ்வழியைப் பின்பற்றி, தொட்டி மூடியின் இடத்தில் எண்ணெய் தாங்கும் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வாயைப் பக்கக் கதவருகே கொண்டுவருகின்றனர். குழாய் எங்கும் தொய்யாமல் ஒரே சரிவாக இறங்க வேண்டும். தொய்ந்தால் நடுவில் எண்ணெய் தேங்கிக் காற்றுப் போகும் வழியை அடைக்கும். பழைய மூடியில் மூச்சுத்துளை இருந்திருந்தால், புதிய வாயின் மூடியிலும் தூசு வடிகட்டியுடன் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கி நீளும்போது தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பு திணறும். மட்டம் காட்டும் கண்ணாடியைத் தொட்டியிலேயே விட்டுவைத்து, அதை எதிர்நோக்கி ஒரு சிறு விளக்கையும் ஆடியையும் பொருத்துவது போதுமான ஏற்பாடு.